சுத்தம் என்று ஒரு கட்டம்

1. கூப்பிட்டும் வராத பெயர்

"எட்டாம் வகுப்பு பி, தர்ஷினி" என்று கூப்பிட்டேன். எடை மிஷின் மேல் யாரும் ஏறவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். வரிசையில் நின்ற ஒரு பெண், "அவ ஆஸ்பத்திரில இருக்கா சிஸ்டர். மூணு நாளா ஸ்கூலுக்கு வரல" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவள், "மயக்கமாக் கெடக்காளாம். யாரு கூப்டாலும் தெரியலையாம்" என்று சேர்த்துச் சொன்னாள்.

நான் அரசாங்கத்தில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் பாதி வார்டில் போனது. மீதி முழுக்கப் பள்ளி மருத்துவக் குழுவில். ஒரு வேன், ஒரு டாக்டர், ஒரு மருந்தாளுநர், நான். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிப்பது எங்கள் வேலை. அன்றைக்குப் போயிருந்தது எரியோடு பக்கம் ஒரு பள்ளி.

தர்ஷினி யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகளுக்கு மேல் பார்க்கிற வேலையில் ஒரு பிள்ளையின் முகம் ஒரு வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கிறதென்றால், அந்தப் பிள்ளையைக் கொஞ்சியிருப்போம், இல்லாவிட்டால் திட்டியிருப்போம். நான் திட்டியிருந்தேன்.

2. "ந" அல்லது "கு"

எங்கள் ரிஜிஸ்டரில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. உயரம், எடை, கண், பல், காது, தோல் என்று கட்டங்கள் போகும். கடைசிக் கட்டம் சுத்தம். நகம், தலை, கழுத்து மூன்றையும் பார்த்து, நன்றாக இருந்தால் "ந", குறைவாக இருந்தால் "கு" என்று எழுதுவோம். "கு" வாங்கிய பிள்ளையின் டைரியில் ஒரு சீட்டைக் குத்தி அனுப்ப வேண்டும். "தங்கள் குழந்தையைத் தினமும் நன்கு தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பவும்" என்று அச்சடித்த சீட்டு. கீழே முத்திரையும் என் கையெழுத்தும் இருக்கும்.

நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் தேடியதெல்லாம் ஒல்லிப் பிள்ளைகளைத்தான். கண் இமையை இழுத்து ரத்தசோகை பார்ப்போம், வயிற்றை அமுக்கிப் பூச்சி பார்ப்போம், விலா எலும்பை எண்ணுவோம். ஒரு புஷ்டியான பிள்ளை வரிசையில் வந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருக்கும். இந்தப் பிள்ளைக்கு நேரம் செலவழிக்க வேண்டாம் என்று ஒரு ஆறுதல். பிற்காலத்தில் எடை கூடுதல் என்பதற்கும் ஒரு குறி வந்தது. குறியைப் போட்டுவிட்டு, "எண்ணெய்ப் பண்டத்தைக் கொறச்சுக்க" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். மறு வருடம் வரைக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

தர்ஷினி ஆறாம் வகுப்பில் அறுபத்தொரு கிலோ இருந்தாள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை. "கு" போட்டுச் சீட்டுக் கொடுத்தேன். மறு வருடம் எழுபத்திரண்டு கிலோ. கழுத்து முன்னைவிடக் கறுப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சீட்டுக் கொடுத்தும் கேட்கவில்லையே என்ற கோபம். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம்.

"ஏன்டி, போன வருசமே சீட்டு குடுத்தேன்ல? ஒரு வண்டி மண்ணு இருக்கு கழுத்துல. தக்காளி போடலாம் போல" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு இரண்டு சடையையும் முன்னால் இழுத்துக் கழுத்தை மறைத்துக்கொண்டு, "அம்மா தெனம் தேச்சுத்தான் விடுறாங்க சிஸ்டர்" என்றாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாவது சீட்டையும் குத்திக் கொடுத்தேன்.

3. நம்பர் காட்டாத மிஷின்

அன்று சாயங்காலம் பள்ளியில் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் அப்போது எனக்குப் பதில் தெரியாது. மனசு ஒரு நிலையில் இல்லை, அவ்வளவுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு பெண் மில் கோட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தர்ஷினியின் அம்மா பாண்டீஸ்வரி. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிஃப்ட் வேலை. பக்கத்தில் ஏழெட்டு வயதில் இன்னொரு மகள் பிஸ்கட் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் பாண்டீஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். ஆபீசர் வந்த மாதிரி நின்றாள்.

"சீட்டு குடுத்து விடுவீங்கள்ல, அந்த சிஸ்டரா?"

"ஆமா தாயி. உக்காரு. என்ன ஆச்சு புள்ளைக்கு?"

"ஒரு மாசமா தண்ணி தண்ணின்னு கெடந்தா சிஸ்டர். சொம்பு சொம்பாக் குடிப்பா, செத்த நேரத்துல பாத்ரூமுக்கு ஓடுவா. வெயிலுக்குன்னு நெனச்சோம். அசதியா இருக்கும்மான்னா. தெம்பு வரட்டும்னு ஜூஸு வாங்கிக் குடுத்தேன், கலரு வாங்கிக் குடுத்தேன். மடக்கு மடக்குன்னு குடிச்சா. எட்டுக் கிலோ எளைச்சா சிஸ்டர். எங்களுக்கு அம்புட்டு சந்தோசம். ஸ்கூல்லயும் நல்லா எளைச்சுட்டேன்னு சொன்னாங்களாம். அந்தப் பேச்சுலயே நாலு நாள் குஷியாத் திரிஞ்சா. அப்புறம் வாந்தி. மூணு நாளைக்கு முன்னாடி காலையில எழுப்புனேன். முழிக்கல."

சர்க்கரை என்றார்களாம். விரலில் ஊசி குத்திப் பார்க்கிற சிறிய மிஷினுக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் நம்பர் வராது, "ஹை" என்று மட்டும் காட்டும். தர்ஷினிக்கு அதுதான் காட்டியிருக்கிறது. அவள் தாகத்துக்குக் குடித்த ஒவ்வொரு பாட்டிலும் சர்க்கரையை ஏற்றி, ஏறிய சர்க்கரை இன்னும் தாகத்தைக் கொடுத்து, உடம்பில் இருந்த நீரெல்லாம் வற்றிவிட்டது. பிள்ளையின் மேல் இருந்த பாசத்தில் வாங்கிக் கொடுத்த கலர் சோடா அது.

நர்ஸ் என்று சொன்னதால் உள்ளே விட்டார்கள். டூட்டி டாக்டர் ஒரு இளம்பெண். நான் உறவுக்கார நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. தர்ஷினியின் தலையை மெதுவாகத் திருப்பிக் கழுத்தைக் காட்டினார். கறுப்பாக, தடித்து, வரிவரியாக இருந்தது. அதன் மேல் அங்கங்கே தோல் உரிந்து பக்குத் தட்டிப்போயிருந்தது.

"இதப் பாருங்க சிஸ்டர். இது அழுக்கு இல்ல. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலேன்னா கழுத்துலயும் கக்கத்துலயும் இப்படிக் கறுக்கும். வெயிட் ஜாஸ்தியா இருக்கிற பிள்ளைங்களுக்கு நெறைய வருது. ரெண்டு மூணு வருஷமாவே இந்தக் கழுத்து சொல்லிட்டு இருந்திருக்கு. அப்பவே பிடிச்சிருந்தா சுகர் இந்த அளவுக்குப் போயிருக்காது. ஸ்கூல் செக்கப்ல யாரும் பாக்கலயாமா?"

நான் பள்ளிக் குழுவில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. வாய் நீளம் என்று சொன்னேனே, அந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்ததும் பாண்டீஸ்வரி என் கையைப் பிடித்தாள்.

"கழுத்தப் பாத்தீங்களா சிஸ்டர்? தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க சொன்னபடி தெனம் தேச்சேன். பயத்தமாவு போட்டேன், எலுமிச்சம்பழம் வச்சுத் தேச்சேன், பீர்க்கங்கூடு போட்டேன். கடைசில பாத்திரம் வெளக்குற நாரை வச்சும் தேச்சுப்புட்டேன். எரியுதும்மான்னு அழுவா. இப்பிடியே போனா சிஸ்டர் திட்டுவாங்கன்னு சொல்லித்தான் புடிச்சு வச்சுத் தேய்ப்பேன். போகவே மாட்டேன்னுருச்சு. நான்தான் ஒழுங்காத் தேய்க்கலையோ என்னமோ."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். சரியாகிவிடும் என்று ஏதோ சொன்னேன். அந்தக் காரிடாரில் நான் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துத் தர்ஷினி இறந்துவிட்டாள். பதின்மூன்று வயது. துக்கத்துக்கு நான் போகவில்லை. மாத ரிப்போர்ட் முடிக்க வேண்டும் என்று வீட்டிலும் ஆபீஸிலும் சொன்னேன். ரிப்போர்ட்டை நான் முந்தின நாளே முடித்திருந்தேன்.

4. பழைய ரிஜிஸ்டர்கள்

இந்தக் கறுப்பைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை என்று சாதிக்க முடியாது. ஒரு பயிற்சி வகுப்பில் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். அது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் கழுத்து. சிவந்த தோலில் கறுப்புப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு என்ன வெஞ்சனம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பிள்ளையின் கறுத்த தோலில் அதே பட்டை வந்தபோது என் கண்ணுக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. ஏழைப் பிள்ளை, அம்மா வேலைக்குப் போகிறாள், கவனிப்பு இல்லை என்று மனசு தானாகவே ஒரு கதை கட்டிவிட்டது.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில் இருந்த பழைய ரிஜிஸ்டர்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த வரியில் எடையும் கூடுதலாக இருந்து, சுத்தம் கட்டத்தில் "கு"வும் இருக்கிறதோ அந்தப் பெயரை எழுதினேன். எல்லாம் என் கையெழுத்து. இரண்டு தாள் நிறைந்தது. எங்கள் டாக்டர் வயதில் என் மகனைவிடச் சின்னவர். விஷயத்தைச் சொன்னதும் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தேடலாம் சிஸ்டர்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் தேடினோம். சிலர் ஊர் மாறிவிட்டார்கள். கிடைத்தவர்களைக் கூட்டிவந்து ரத்தம் பார்த்தோம். சிலருக்கு ஒன்றும் இல்லை. சிலருக்குச் சர்க்கரை எல்லையில் நின்றது. பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு மாதவிலக்கு ஐந்து மாதமாக வரவில்லை, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. சித்தையன்கோட்டையில் ஒரு பையனுக்குப் பிரஷர் பெரியவர்களுக்கு இருக்கிற மாதிரி இருந்தது, ஈரலில் கொழுப்பும் படிந்திருந்தது. வகுப்பில் தூங்கி வழிகிறான் என்று அவனை வாத்தியார்கள் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியிருந்தார்கள். ராத்திரி குறட்டையில் மூச்சு அடைத்து அடைத்து எழுந்திருப்பவன் பகலில் தூங்காமல் என்ன செய்வான்? அவனையும் என் ரிஜிஸ்டரில் "கு" என்றுதான் எழுதியிருந்தேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கழுத்து கறுத்திருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். அழுக்கு என்றால் பஞ்சில் வந்துவிடும். பஞ்சில் எதுவும் வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரை பாருங்கள், பிரஷர் பாருங்கள். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, ராத்திரியில் எழுந்து போகிறதா, குறட்டை விடுகிறதா என்று கேளுங்கள். குண்டாக இருந்த பிள்ளை காரணம் இல்லாமல் இளைத்தால் சந்தோஷப்படாதீர்கள். அரை நிமிட வேலை. பஞ்சும் ஸ்பிரிட்டும் எப்போதும் என் பையிலேயே இருந்தன, தடுப்பூசி போடுவதற்காக.

எல்லா வீட்டுக்கும் போனேன். பாண்டீஸ்வரி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. நான்கு மாதம் போய்விட்டது. ஒருநாள் தர்ஷினி படித்த பள்ளியின் டீச்சர் ஒருவர் என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தம்மா பாவம் சிஸ்டர். திங்கக் குடுத்தே கொன்னுட்டான்னு ஊரே பேசுது. கட்டுனவரும் அப்பிடித்தான் பேசுறாராம்." அதைக் கேட்ட பிறகு என்னால் தள்ளிப்போட முடியவில்லை.

5. எரியோடு பக்கத்து வீடு

நான் போனபோது பாண்டீஸ்வரி காலை ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள். அவள் புருஷன் செல்வம் தக்காளிக் கூடைகளோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். தர்ஷினியின் பள்ளிப் பை இன்னும் ஆணியில் தொங்கியது. காபி போடுகிறேன் என்றாள். வேண்டாம், உட்காரு என்றேன். அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நான்தான் சிஸ்டர் கொன்னேன். அவரு சொல்றது சரிதான். நான் மில்லுக்குப் போயிருவேன், அவரு காட்டுக்குப் போயிருவாரு. பத்து வயசுல பெரிய மனுசியாயிட்டா. அதுலருந்து வெளிய விளையாட விடல. கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருன்னு சொல்லிட்டுப் போவேன். பாவமா இருக்கும்ல? அதுக்குன்னு பப்ஸு, கேக்கு, பரோட்டான்னு வாங்கி வச்சுட்டுப் போவேன். புள்ள கேட்டத வாங்கிக் குடுக்கத்தானே வேலைக்குப் போறோம்னு இருந்துட்டேன்."

"தாயி, நான் ஒண்ணு சொல்லணும். செத்த நேரம் குறுக்க பேசாமக் கேளு" என்றேன்.

சொன்னேன். கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை என்பதைச் சொன்னேன். அது சர்க்கரை வரப்போகிறது என்பதற்கு அடையாளம் என்பதை, அதைப் பார்க்க வேண்டியது என் வேலை என்பதை, இரண்டு வருடம் என் முன்னால் வந்து நின்றும் நான் பார்க்கவில்லை என்பதை, வரிசையில் வைத்துக் கேலி பேசியதை, ஆஸ்பத்திரியில் தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு வந்ததை. எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் தேச்சது?" என்றாள்.

"தேய்க்கவே வேண்டியதில்ல தாயி."

"ரத்தம் வர தேச்சேனே சிஸ்டர்."

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள். பிறகு, "படிச்ச உங்களுக்கே தெரியலேன்னா நான் யார்கிட்ட சிஸ்டர் போயிக் கேக்கிறது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுந்து உள்ளே போனாள். சின்ன மகள் ஹரிணியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மூன்றாம் வகுப்பு. அக்காவைப் போலவே உருண்டையான உடம்பு. வாசல் வெளிச்சத்தில் என் முன்னால் அவளைத் திருப்பி நிறுத்தி, சட்டைக் காலரைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இவளப் பாருங்க" என்றாள்.

கழுத்தின் பின்பக்கம் லேசாகக் கறுத்திருந்தது. தெரியாதவர்கள் கண்ணில் படாது. பையிலிருந்து பஞ்சை எடுத்து, ஸ்பிரிட் தொட்டு, அழுத்தித் துடைத்தேன். "சில்லுன்னு இருக்கும்மா" என்று ஹரிணி தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. பாண்டீஸ்வரியும் பார்த்துவிட்டாள். அவளுக்கும் இப்போது புரியும். காலரைச் சரிசெய்து மகளை உள்ளே அனுப்பினாள்.

"நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வா. நான் அங்க இருப்பேன்" என்றேன்.

மறுநாள் நான் சீக்கிரமே போனேன். அதற்கு முன்னாலேயே அவள் மில் பஸ்ஸை விட்டுவிட்டு, ஹரிணியோடு வந்து லேப் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ரத்தம் எடுத்தோம். மதியம் ரிப்போர்ட் வந்தது. எங்கள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"சுகர் இன்னும் வரலம்மா. வர்ற மாதிரி இருக்கு, அவ்வளவுதான். பேக்கரி ஐட்டம், கலர் எல்லாத்தையும் நிறுத்தணும். தெனம் சாயங்காலம் பிள்ள ஓடியாடி விளையாடணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்கிட்ட வாங்க. பயப்படாதீங்க, நமக்கு நேரம் இருக்கு. சரி பண்ணிடலாம்."

நல்ல செய்தி. அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு நான் மூச்சு விட்டேன். பாண்டீஸ்வரி அதுவரைக்கும் என் முன்னால் அழுததில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, நான் வீட்டில் போய் எல்லாவற்றையும் சொன்னபோதும் அழவில்லை. இப்போது முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். டாக்டர் திகைத்துப்போய், "நல்லதுதானேம்மா சொன்னேன்" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"பெரியவளுக்கும் இந்த நேரம் இருந்துச்சா சிஸ்டர்?"

பொய் சொல்லத் தோன்றியது. ஹரிணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு தாயி" என்றேன். "ரெண்டு வருசம் இருந்துச்சு."